சாம்சுங் ஏ16: 65 ஆயிரத்துக்குள் அம்மாவுக்கு ஒரு போன்

யாழ்ப்பாணத்தில் போன் கடைக்குள் கால் வைத்தால் வருகிற முதல் கேள்வி "எவ்வளவுக்குள்ள பாக்கிறியள், அண்ணை?" என்பதுதான். யாருக்கு, எதற்கு என்று பெரும்பாலும் கேட்கமாட்டார்கள். தொகையைச் சொன்னதும் அந்த விலைக்கு நாலு பெட்டியை எடுத்துக் கண்ணாடி மேசையில் பரப்பி, 108 மெகாபிக்சல், 120 ஹேர்ட்ஸ், 256 ஜிபி என்று கடைத் தம்பி ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார். அவரைக் குறை சொல்லவும் ஏலாது, அவருக்கு விற்றால்தானே. நாங்கள்தான் என்ன வேண்டும் என்று வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டுப் போகவேண்டும்.

எங்கள் வீட்டில் போன் தேவைப்பட்டது அம்மாவுக்கு. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ரொறன்ரோவில் இருக்கும் அக்காவோடு தினமும் வட்ஸ்அப்பில் வீடியோ கோல், யூடியூபில் கோயில் நேரலை, வங்கி ஆப், கடைகளில் லங்கா கியூஆர் ஸ்கான் பண்ணிக் காசு கட்டுவது, பேரப்பிள்ளைகளின் படங்களை ஒன்றும் அழியாமல் சேர்த்து வைப்பது, இவ்வளவுதான். கேம் இல்லை. 65,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. அதோடு இன்னும் ஐந்து ஆறு வருடத்துக்கு வீட்டில் புதுப் போன் கதை எழும்பக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையால்தான் சாம்சுங் கேலக்சி ஏ16 இன் 4ஜி மொடல் வீட்டுக்கு வந்தது. அதே நாட்களில் தம்பி தனக்கு ரெட்மி நோட் 14 எடுத்தான், அதுவும் 4ஜிதான். இரண்டும் ஒரே வீட்டில் ஓடுவதால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்ல முடிகிறது.

முதலில் அப்டேட். கடையில் யாரும் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை, ஆனால் இந்த விலைப் போன்களில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். ஏ16 2024 இன் கடைசியில் அண்ட்ரொயிட் 14 ஓடு வந்தது. ஆறு அண்ட்ரொயிட் பதிப்புகளும் ஆறு வருடப் பாதுகாப்பு அப்டேட்டும் தருவதாக சாம்சுங் சொல்லியிருக்கிறது, அதாவது 2030 வரை. அதற்கு முந்தின ஏ15 க்கு நாலு பதிப்பு, ஐந்து வருடம்தான். ரெட்மிக்கு ஏ16 அளவு நீண்ட உறுதி இல்லை. இது பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் வட்ஸ்அப்பைப் பாருங்கள். 2025 இன் நடுப்பகுதியில் ஐஓஎஸ் 15.1 க்குக் கீழே உள்ள ஐபோன்களில் வட்ஸ்அப் நின்றுபோனது, ஐபோன் 6 எல்லாம் அதோடு சரி. வங்கி ஆப்களும் பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன. போன் நன்றாக இருக்கும், கண்ணாடியில் ஒரு கீறல்கூட இருக்காது, ஆனால் பிள்ளையோடு கதைக்க முடியாது. அப்படியான போன் இங்கே எத்தனை வீட்டு அலுமாரியில் கிடக்கிறது.

திரை 6.7 அங்குலம், சூப்பர் அமோலெட், ஃபுல் எச்டி. அம்மாவுக்கு எழுத்தைப் பெரிதாக்கி வைத்தாலும் ஒரு வட்ஸ்அப் செய்தி முழுதாகத் தெரிகிறது. செட்டிங்ஸில் டிஸ்பிளே என்ற இடத்துக்குள் 'ஈஸி மோட்' என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் ஐகன்களும் எழுத்தும் பெரிதாகிவிடும், தவறுதலாக விரலை அழுத்தி ஐகனை எங்கேயோ இழுத்துவிட்டு "ஆப் துலைஞ்சு போச்சு" என்று கூப்பிடுவதும் குறையும். வயதானவர்களுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். வெயிலில் மட்டும் ரெட்மிதான் மேல். சாம்சுங்கின் உச்ச வெளிச்சம் 800 நிட்ஸ், ரெட்மிக்கு 1800. சித்திரை வெயிலில் பஸ் நிலையத்தில் நின்று போனைப் பார்க்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே விளங்கும். அம்மா போன் பார்ப்பது விறாந்தையில், ஆகவே எங்களுக்குப் பரவாயில்லை. வெளியே திரிகிற வேலை என்றால் யோசியுங்கள்.

வேகத்தில் இரண்டும் ஒரே குடும்பம். ஏ16 4ஜி இல் மீடியாடெக்கின் ஹீலியோ ஜி99, ரெட்மியில் ஜி99 அல்ட்ரா. 2022 இல் வந்த சிப், 6 நனோமீற்றர், அன்றாட வேலைக்குக் காணும். ஆனால் 4 ஜிபி ராமோடு வருகிற ஏ16 ஐ எடுக்காதீர்கள். இரண்டாயிரம் மூவாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் ஆறு வருட அப்டேட்டை 4 ஜிபியில் ஓட்ட நினைப்பது நடக்கிற காரியம் இல்லை. ஆகக் குறைந்தது 6. பெட்டியில் 'ராம் பிளஸ்' என்று கூட்டிக் காட்டுகிற கணக்கை ராமாக எண்ணவேண்டாம், அது சேமிப்பு இடத்திலிருந்து கடன் வாங்குவது.

கமரா. சாம்சுங் 50 மெகாபிக்சல், ரெட்மி 108. தம்பி இதை வைத்துக் கொஞ்ச நாள் பெருமை பேசினான். ரெட்மியின் கமரா ஒன்பது பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தைத்தான் சாதாரணமாகச் சேமிக்கிறது, சாம்சுங் நாலைச் சேர்த்து 12.5. ஆக வட்ஸ்அப்பில் அனுப்பின பிறகு எது எந்தப் போனில் எடுத்தது என்று அக்காவுக்குத் தெரியப்போவதில்லை. ஏ16 இல் 5 மெகாபிக்சல் அல்ட்ராவைட் ஒன்று இருக்கிறது, கோயில் வீதியில் கோபுரம் முழுக்க வரவேண்டும் என்றால் அது உதவும், ரெட்மியில் அது இல்லை. 2 மெகாபிக்சல் மக்ரோ இரண்டிலும் உண்டு, இரண்டிலும் அது எண்ணிக்கைக்குத்தான். இரவில் ஏ16 சுமார். ஓஐஎஸ், அதாவது கை ஆட்டத்தைச் சமாளிக்கிற வசதி, கிடையாது, அதனால் நல்லூர்த் திருவிழாவில் இரவில் சுவாமி வெளிவீதி வரும்போது கை கொஞ்சம் அசைந்தாலும் விளக்குகள் கோடு கோடாகத்தான் வரும். கமராதான் முக்கியம் என்றால் இந்த விலையில் தேடாமல் இன்னும் கொஞ்சக் காலம் காசு சேருங்கள்.

பற்றரி 5000 எம்ஏஎச், ரெட்மியில் 5500. அம்மாவின் பாவனைக்கு ஒரு நாள் தாண்டி அடுத்த நாள் மத்தியானம் வரை ஓடுகிறது. 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தைக் கண்டவர்கள் நாங்கள், பற்றரி என்றால் இன்னும் காது நிமிரும். போதாக்குறைக்கு 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு போய் மாட்டி நாடு முழுக்க இருண்டது. குரங்கை நம்பி வாழ்கிற நாட்டில் 500 கூடுதலாக இருந்தால் நல்லதுதான்.

சார்ஜர் விஷயத்தில் சாம்சுங் கஞ்சத்தனம். பெட்டிக்குள் வயர் மட்டும். அந்த வயரும் இரண்டு பக்கமும் டைப் சி, ஆகவே வீட்டில் கிடக்கும் பழைய அகல வாய்ச் சார்ஜரில் மாட்ட ஏலாது. 25 வாட் வேகம் வேண்டும் என்றால் சார்ஜரைத் தனியாக வாங்கவேண்டும், அந்தக் காசையும் பட்ஜெட்டுக்குள் போட்டே கணக்குப் பாருங்கள். தெருவோரத்தில் 'ஒரிஜினல்' என்று தொங்குகிற மலிவுச் சார்ஜரை வாங்கவேண்டாம். இன்னொன்று, ஏ16 இல் இயர்போன் குத்துகிற ஓட்டை இல்லை. ஏ15 இல் இருந்தது, ரெட்மியில் இப்பவும் இருக்கிறது. ஸ்பீக்கரும் ஒன்றுதான், ரெட்மியில் இரண்டு. பாட்டுக் கேட்கிறவர்கள் இந்த இடத்திலேயே ரெட்மி பக்கம் போய்விடலாம்.

சிம் தட்டைக் கவனிக்கவும். இரண்டு சிம், அல்லது ஒரு சிம்மும் ஒரு மெமரி காட்டும், மூன்றும் சேர்த்துப் போட இடமில்லை. இங்கே பாதிப்பேருக்கு இரண்டு சிம், ஒன்று கதைக்க, ஒன்று டேட்டாவுக்கு. அப்படிப்பட்டவர்கள் பின்னர் காட் போடலாம் என்று 128 ஜிபியை எடுத்தால் இடிபடுவார்கள். படம் சேர்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு 256 தான் சரி. விலை வித்தியாசம் ஒரு நல்ல மெமரி காட்டின் விலையை விடப் பெரிதாக இல்லை என்றால் யோசிக்கவே தேவையில்லை.

இனி, கடையில் ஒருவரும் சொல்லாத ஒன்று. போன் விழும். இன்றைக்கோ அடுத்த வருடமோ விழும். அமோலெட் திரை உடைந்தால் ஒரிஜினல் டிஸ்பிளே போனின் விலையில் ஒரு பெரிய பங்கைத் தின்னும், அதனால் பழுது பார்க்கிற இடங்களில் 'கொப்பி' போடலாம் என்று சொல்வார்கள். அது பெரும்பாலும் அமோலெட் இல்லை, சாதாரண எல்சிடி. ரெட்மி நோட் 14 இல் கைரேகை வாசிப்பான் திரைக்குக் கீழே இருக்கிறது, எல்சிடியைப் போட்டால் அது வேலை செய்யாது. ஏ16 இல் கைரேகை பக்கத்துப் பட்டனில், திரையை மாற்றினாலும் அது தப்பும். பார்க்கப்போனால் சின்ன விஷயம், ஆனால் தினமும் அறுபது தரம் திறந்து மூடுகிற சாமானில் இப்படியானதுகள்தான் கணக்கு. தோட்டம் செய்கிறவர்கள், விரல் ரேகை தேய்ந்தவர்கள் எப்படியும் பின் நம்பரையும் பழகி வைத்துக்கொள்ளுங்கள், எந்த வாசிப்பானும் அவர்களிடம் முரண்டு பிடிக்கும்.

தமிழ் எப்படி? நல்லம். போனின் மொழியையே தமிழுக்கு மாற்றலாம். அம்மா டைப் பண்ணுவதில்லை, கூகுள் கீபோட்டில் மைக்கை அழுத்திக் கதைக்கிறார், மொழியில் 'தமிழ் (இலங்கை)' என்பதைத் தெரிவு செய்யவேண்டும். "வாறன்", "இருக்கிறியளோ" எல்லாவற்றையும் அப்படியே எழுதாது, ஆனால் கொஞ்சம் நிதானமாகச் சொன்னால் அக்காவுக்கு விளங்குகிற அளவுக்கு வரும். சிங்களத்தில் வருகிற எஸ்எம்எஸ்ஸை கொப்பி பண்ணி கூகுள் டிரான்ஸ்லேட்டில் போடவும் பழகிவிட்டார். இதெல்லாம் எந்த அண்ட்ரொயிட் போனிலும் செய்யலாம், சாம்சுங்குக்கு மட்டும் உரிய பெருமை இல்லை.

"வெளியில இருந்து ஆரும் வரேக்க கொண்டு வருவினம்தானே" என்று ஒரு மாமி சொன்னார். எல்லா வீட்டிலும் ஒரு மாமி இதைச் சொல்வார். வெளிநாட்டிலிருந்து வருகிற பாவித்த ஐபோன் பார்க்க வடிவு, ஆனால் அந்த நாட்டு நிறுவனத்துக்கு லொக் பண்ணியதா என்று இங்கே சிம் போட்டுப் பார்க்கும்போதுதான் தெரியும். பழைய ஆளின் ஐகிளவுட் கணக்கு நீக்கப்படாமல் இருந்தால் அது வெறும் கண்ணாடித் துண்டு. ஐபோன் எக்ஸ்ஆர் இங்கே இன்னும் கைமாறுகிறது, 2025 இல் வந்த ஐஓஎஸ் 26 அதற்குக் கிடையாது. தருகிறவர் அன்பாகத்தான் தருகிறார், ஆனாலும் கேட்கவேண்டியதைக் கேட்டுத்தான் வாங்கவேண்டும்.

ஐஎம்இஐ, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள இலக்கம், அந்த விஷயத்தையும் விடாதீர்கள். *#06# அடித்தால் 15 இலக்கம் வரும். ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தை 1909 க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிந்த போனா என்று பதில் வரும். பதியாத கருவிகளுக்கு 2025 ஜனவரி கடைசியில் இருந்து கட்டுப்பாடு என்று ஆணைக்குழு அறிவித்திருந்தது. காசு கொடுக்க முதல், கடைக்குள் நின்றபடியே இதை அனுப்புங்கள். நேர்மையான கடைக்காரர் இதற்குக் கோபிக்கமாட்டார்.

விலைக்கு வருவோம். கஸ்தூரியார் வீதிப் பக்கமும் ஆஸ்பத்திரி வீதிப் பக்கமும் திருநெல்வேலிச் சந்தியிலும் விசாரித்தோம், ஒரே போனுக்குக் கடைக்குக் கடை சில ஆயிரம் மாறுகிறது. பெரும்பாலும் அந்த வித்தியாசம் வாரன்டியில் இருக்கிறது. கொம்பனி வாரன்டி என்றால் இலங்கை முகவரின் சேவை நிலையம் பொறுப்பு. கடை வாரன்டி என்றால் அந்தக் கடை இருக்கும் வரைக்கும்தான் வாரன்டி. ஒரு கடையில் கொம்பனி வாரன்டி என்று வாயால் சொல்லிவிட்டு, பில்லில் எழுதச் சொன்னதும் "அது எங்கட வாரன்டிதான் அண்ணை, ரெண்டும் ஒண்டுதான்" என்றார்கள். இரண்டும் ஒன்று இல்லை. நாங்கள் அங்கே வாங்கவில்லை. 2024 ஜனவரியில் இருந்து போனுக்கும் 18 வீத வற் வரி இருக்கிறது, ஆகவே ஒரு கடையில் மட்டும் விலை நம்பமுடியாத அளவுக்குக் குறைந்தால் அது எந்த வழியால் வந்தது என்று கேளுங்கள். காசு விலை, காட் விலை என்று இரண்டு வைத்திருப்பார்கள், தவணைக்குப் போகிறவர்கள் காட் விலையை வைத்துக் கணக்குப் பார்க்கவும்.

இப்போது ஏ17 வந்துவிட்டது. ஏறக்குறைய இதே போன்தான், கமராவுக்கு ஓஐஎஸ் சேர்ந்திருக்கிறது, அப்டேட்டும் அதே ஆறு. இரண்டுக்கும் ஐயாயிரத்துக்குள் வித்தியாசம் என்றால் ஏ17 எடுங்கள், ஒரு வருடம் பிந்தி வந்ததால் அப்டேட்டும் ஒரு வருடம் பிந்தித்தான் முடியும். அதற்கு மேல் என்றால் ஏ16 ஐயே எடுத்து, மிச்சக் காசில் சார்ஜரை வாங்கி, கவரையும் ஸ்கிரீன் காட்டையும் சும்மா தரச்சொல்லிக் கேளுங்கள், கேட்டால் தருவார்கள்.