மழை நாளா, வெயில் நாளா: வேட்டைக்கு முன் எங்கே சுட்டுப் பழகுவது?

சுடுதளத்துக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் பார்ப்பது வானத்தைத்தான். கொஞ்சம் மூட்டமாக இருந்தாலும் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று ரைஃபிள் பெட்டிக்குள் போய்விடும். ஆனால் உரிமத்தோடு வேட்டையாட அனுமதிக்கும் குளிர்நாடுகளில் மான் சீசன் பெரும்பாலும் இலையுதிர்காலத்திலும் அதையொட்டிய குளிரிலும்தான் வருகிறது. அங்கே தூறலும் காற்றும் அன்றாடம். கோடை முழுக்க மேசைமேல் மணல்மூட்டை வைத்துச் சுட்டவர் அந்தக் காட்டில் முதல்முறையாக நனைந்த கையுறையோடு விசையைத் தொடுகிறார். விலங்கு காயத்தோடு ஓடிப் புதரில் மறைவது பல நேரம் இப்படித்தான் தொடங்குகிறது.

பழகுவதற்கு நான்கு வழிகள் உண்டு. தெளிந்த நாளில் மேசைமேல் சுடுவது, மோசமான நாளில் வேட்டைத் துப்பாக்கியையே எடுத்துப்போவது, காற்று நாளில் .22 ரைஃபிளில் (சிறிய, மலிவான தோட்டா சுடுவது) சுடுவது, வீட்டிலேயே தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகுவது. நான்கையும் செய்து பார்த்திருக்கிறேன். நான்கும் சமமல்ல.

தெளிந்த நாளைக் குறை சொல்லும் முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜீரோ செய்ய, அதாவது ஸ்கோப்பின் (துப்பாக்கிமேல் பொருத்திய குறிபார்க்கும் தொலைநோக்கி) குறியும் தோட்டா விழும் இடமும் ஒன்றாகும்படி சரிசெய்ய, அதைவிட நல்ல நாள் கிடையாது. புயலில் நின்று ஸ்கோப்பைத் திருகினால் காற்று செய்த பிழையைத் துப்பாக்கிக்குள் ஏற்றிக்கொண்டு வருவீர்கள். ஸ்கோப்பில் ஒரு மினிட் (ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு) என்பது 100 மீட்டரில் 2.9 செ.மீ. கால் மினிட் திருகில் ஒரு சொடுக்கு முக்கால் செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. அத்தனை நுணுக்கமான வேலைக்கு அமைதி வேண்டும். சரி, ஜீரோ முடிந்த பிறகும் அதே மேசையில் நூறு தோட்டா சுடுகிறவர் எதைக் கற்கிறார்? பெரும்பாலும் மேசையைத்தான். காட்டில் மேசை இல்லை.

மோசமான நாளில் வேட்டைத் துப்பாக்கியோடு போனால் என்ன வித்தியாசம்? மழைத்துளி தோட்டாவைத் திசைமாற்றிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வேட்டைத் தூரங்களில் அதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். மழை தாக்குவது சுடுகிறவரையும் கருவியையும்தான். ஸ்கோப்பின் கண்ணாடியில் ஒரு துளி உட்கார்ந்தால் இலக்கு கரைந்துபோகும். நல்ல ஸ்கோப்புக்குள் நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பியிருப்பதால் உள்ளே பனி படியாது. ஆனால் கண் வைக்கும் கண்ணாடியில் நம் மூச்சே வெளிப்பக்கம் படிந்துவிடும். தோளில் வைக்கும் மரக்கட்டை ஈரத்தில் உப்பிக் குழலைத் தொட்டால் ஜீரோவே நகரும். கடுங்குளிரில் போல்ட்டுக்குள் (தோட்டா அறையை மூடும் உருளை) போட்ட எண்ணெய் இறுகி, தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி மெதுவாக அடிக்கும். விசையை இழுத்தால் வெறும் 'டிக்' சத்தம். இது மான் எதிரில் நிற்கும்போது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமல்ல.

உடுப்பு இன்னொரு தலைவலி. நான் முதல்முறை தடித்த மழைக்கோட்டோடு சுட்டபோது ஸ்கோப்புக்குள் கறுப்பு வளையம் மட்டும்தான் தெரிந்தது. கோட்டின் தடிமன் கட்டையை முன்னே தள்ள, கண் பின்தங்கிவிட்டது. கழுத்தை நீட்டிச் சரிசெய்யப் போனேன். துப்பாக்கி உதைத்ததில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் முத்திரை குத்தியது. அந்தப் பாடத்தை எந்த வெயில் நாளும் கற்றுத்தராது.

காற்றுதான் பெரிய ஆசிரியர். மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் நேர்குறுக்காக வீசினால் .308 என்ற பெரிய வேட்டைத் தோட்டா 100 மீட்டரில் 2, 3 செ.மீ. விலகும். 200 மீட்டரில் ஏறக்குறைய 10 செ.மீ. 300 மீட்டரில் 20ஐத் தாண்டிவிடும். தூரம் இரண்டு மடங்கானால் விலகல் நான்கு மடங்குக்கும் மேல். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் 20 செ.மீ. அகலம். நடுவில் குறி வைத்தாலும் 300 மீட்டரில் அதை விட்டு வெளியே போய்விடுவோம். சுடும் திசைக்கு 45 டிகிரியில் சாய்ந்து வரும் காற்றைப் பாதி என்று நினைப்பது வழக்கமான தவறு. அது முழுக் காற்றின் பத்தில் ஏழு பங்கு விலக்கும். பாதியாவது 30 டிகிரியில்தான். கருவி இல்லாமலே வேகத்தை ஓரளவு சொல்லலாம். இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடினால் 12 முதல் 19 கி.மீ., சிறு கிளைகளே அசைந்தால் 20 முதல் 28.

இவ்வளவும் சொன்ன பிறகு, வேட்டைத் தோட்டாவில் காற்றைப் படிக்கக் கற்பது வீண்செலவு என்றுதான் சொல்வேன். தோட்டா விலை அதிகம், தோள் வலிக்கும், இருபது சுட்டதும் உடம்பு தானாகவே சுருங்கத் தொடங்கும். இங்கேதான் .22 ஜெயிக்கிறது. அதே 16 கி.மீ. காற்றில் அது 100 மீட்டரில் 12 செ.மீ. அளவுக்கு விலகும். அதாவது பெரிய துப்பாக்கி 200 மீட்டருக்கு அப்பால் காட்டும் பிழையை, .22 பாதித் தூரத்திலேயே மலிவாகக் காட்டிவிடுகிறது. ஒரு விசித்திரம்: அதிவேக .22 தோட்டாவைவிட, ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே போகும் மெதுவான தோட்டா காற்றில் குறைவாகவே விலகும். ஒலிவேகத்தை ஒட்டிய இடத்தில் காற்றின் இழுவை கூடுவதுதான் காரணம். உதைப்பதும் விசையின் கனமும் வேறு என்பதால் வேட்டைத் துப்பாக்கிக்கு .22 முழு மாற்றாகாது. ஆனால் புல்லையும் இலையையும் பார்த்து எவ்வளவு ஒதுக்கிக் குறி வைப்பது என்ற கணக்கு அதில்தான் கைக்குப் பழகும்.

வீட்டுப் பயிற்சிக்கு அதிகம் சொல்ல இல்லை. தோட்டா அறையைக் காலியாக்கி, ஒருமுறைக்கு இருமுறை பார்த்து, கையுறையும் கோட்டும் போட்டுக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்து விசை இழுங்கள். பெரும்பாலான பெரிய ரைஃபிள்கள் இதைத் தாங்கும். .22இல் போலித்தோட்டா வைக்காமல் செய்ய வேண்டாம், ஊசி அறையின் விளிம்பில் இடிக்கக்கூடும். ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் செய்யவே வேண்டாம்.

நார்வேயில் பெருவிலங்கு வேட்டைக்கு ஆண்டுதோறும் தேர்வு உண்டு. முதலில் 30 பயிற்சிச் சுடுகள், பிறகு 100 மீட்டரில் ஐந்து. அந்த 30ஐயும் வெயிலிலேயே முடித்துவிடத்தான் யாருக்கும் ஆசை வரும். என்னிடம் 30 வேட்டைத் தோட்டா இருந்தால் 10ஐ அமைதியான காலையில் ஜீரோவுக்குச் செலவிடுவேன். மீதி 20ஐயும் மோசமான நாட்களுக்கு வைப்பேன். அதுவும் ஒரே மூச்சில் அல்ல. ஒரு நாளைக்கு நாலைந்து, ஒவ்வொன்றும் குழல் ஆறிய பிறகு, வேட்டை உடுப்பில், மேசை இல்லாமல். வேட்டையில் கிடைப்பது பெரும்பாலும் குளிர்ந்த குழலின் முதல் சுடு ஒன்றுதான். காற்றுப் பயிற்சி முழுவதையும் .22க்குத் தள்ளிவிடுவேன். அந்த 20 தோட்டாவும் 20 செ.மீ. தட்டுக்குள் விழுகிற கடைசித் தூரம் எதுவோ, அதற்கு அப்பால் அந்த வானிலையில் நான் சுடுவதில்லை. வெயிலில் 250 மீட்டர் என்றிருந்தது எனக்கு மழைக்காற்றில் 120ஆகச் சுருங்கியது. முதலில் வெட்கமாக இருந்தது.

மழையில் போகிறவர் குழலின் வாயில் மெல்லிய ஒட்டுநாடா ஒன்றை ஒட்டிக்கொள்ளலாம். தோட்டாவுக்கு முன்னால் தள்ளப்படும் காற்றே அதைக் கிழித்துவிடும், குறியும் மாறாது. குழலுக்குள் தண்ணீரோ சேறோ போயிருந்தால் துடைக்காமல் சுடக்கூடாது, குழலே வெடிக்கலாம். இடி இடித்தாலோ, மூடுபனியில் இலக்குக்குப் பின்னால் உள்ள மண்மேடு தெரியாவிட்டாலோ அன்று பயிற்சி இல்லை. வீடு திரும்பியதும் குளிர்ந்த துப்பாக்கியை உடனே வெளியே எடுக்காதீர்கள். உலோகம் வியர்த்து நனைந்துவிடும். மூடிய பெட்டியிலேயே கொஞ்ச நேரம் கிடக்கட்டும், அப்புறம் திறந்து துடைத்து எண்ணெய் பூசுங்கள்.