அபாகஸ் வகுப்பா, நூறு மணி மாலையா?

ஏப்ரலில் பள்ளி திறந்ததும் தில்லியின் மயூர் விஹார், ஆர்.கே. புரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். ஒன்றாவதோ இரண்டாவதோ படிக்கிற பிள்ளைக்குக் கணக்கு பிடிபட என்ன செய்வது? அபாகஸ் வகுப்பில் சேர்ப்பதா, ஒர்க்ஷீட் வாங்கிப் போடவைப்பதா, பொருளைக் கையில் கொடுத்துப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும் என்று விடுவதா? எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் தொங்குவது மணிமாலை: இரண்டு நிறத்தில் பத்துப் பத்தாக நூறு மணி கோத்த, எண்ணிப் பழகும் கயிறு. அதனால் இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மாலைக்குச் சில நூறு ரூபாய் ஒரே தடவை, அபாகஸுக்கு மாதக் கட்டணம், ஒர்க்ஷீட் இரண்டுக்கும் நடுவில்.

ஒர்க்ஷீட்டை ஓர் உதாரணத்தோடு விட்டுவிடலாம். 52−38 கொடுத்துப் பாருங்கள். ஏராளமான பிள்ளைகள் 26 என்று எழுதுவார்கள். ஒன்றாம் இடத்தில் எட்டிலிருந்து இரண்டைக் கழித்து 6, பத்தாம் இடத்தில் ஐந்திலிருந்து மூன்றைக் கழித்து 2. இது கவனக்குறைவு இல்லை. 'பெரிசிலிருந்து சிறிசைக் கழி' என்று பிள்ளை தானே உண்டாக்கிக்கொண்ட விதி அது. இன்னும் நூறு கணக்கு போடவைத்தால் அந்தத் தப்பான விதிதான் இறுகும்.

அபாகஸ் அப்படி இல்லை, அதற்குள் நல்ல கணிதம் இருக்கிறது. ஜப்பானிய சொரோபான் வகைச் சட்டத்தில் ஒவ்வொரு கம்பியிலும் மேலே ஐந்து மதிப்புள்ள ஒரு மணி, கீழே ஒன்று மதிப்புள்ள நான்கு மணிகள். 52−38ஐ இதில் செய்ய, பத்தாம் கம்பியில் 3 எடுக்க வேண்டும். கீழ்மணி அங்கே இல்லாததால் ஐந்தை எடுத்து இரண்டைச் சேர்க்கிறோம். பிறகு 8 எடுக்க வேண்டும். ஒன்றாம் கம்பியில் இருப்பதே 2 என்பதால், பத்தாம் கம்பியில் ஒன்றை எடுத்துவிட்டு இங்கே இரண்டு சேர்க்கிறோம். விடை 14. 'எட்டைக் கழி என்றால் பத்தைக் கழி, இரண்டைக் கூட்டு' என்பது அழகான யோசனை. ஆனால் பெரும்பாலான வகுப்புகளில் அது யோசனையாக வருவதில்லை. சின்ன நண்பன் (சேர்ந்தால் ஐந்தாகும் ஜோடி), பெரிய நண்பன் (சேர்ந்தால் பத்தாகும் ஜோடி) என்ற பெயரில் மனப்பாடப் பட்டியலாக வருகிறது. பட்டியல் விரலுக்குப் பழகியதும் வேகம் வந்துவிடும். ஏன் இரண்டு என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

இனி மாலை. நெதர்லாந்தில் ஹான்ஸ் ஃப்ராய்டென்டால் வழி வந்த கணிதக் கல்வியாளர்கள் வளர்த்தெடுத்த கருவி. இங்கே தில்லியைச் சேர்ந்த ஜோடோ ஞான் அமைப்பு 'கணித் மாலா' என்று இதைப் பள்ளிகளில் பரப்பியது. வாங்கலாம், வீட்டிலும் கோக்கலாம். கினாரி பஜாரிலோ சதர் பஜாரிலோ 10 மி.மீ. பிளாஸ்டிக் மணிகள், இரண்டு நிறத்தில் 50, 50. பத்து சிவப்பு, பத்து வெள்ளை என்று மாற்றி மாற்றிக் கோத்தால் நூறு மணி ஒரு மீட்டர் வரும். கயிறு ஒன்றரை மீட்டர் வெட்டுங்கள். முடிச்சுக்குப் போக, மணிகள் நகரப் பத்து சென்டிமீட்டர் காலி இடம் வேண்டும். எலாஸ்டிக் கயிறு கூடாது. இழுத்தால் எல்லா மணிகளுக்கு நடுவிலும் இடைவெளி விழுந்து பத்துகள் கலைந்துவிடும். 8 மி.மீ.க்குச் சிறிய மணி என்றால் பிள்ளை ஒன்றைத் தள்ளும்போது இரண்டு நகரும். கோத்த பிறகு ஒவ்வொரு பத்தையும் பெரியவர் ஒருவர் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். ஒரு நிறத்தில் ஒன்பதோ பதினொன்றோ விழுந்திருந்தால் பிறகு எல்லாமே குழம்பும்.

பிள்ளையின் கண் மட்டத்தில், தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்தால் மணிகள் நடுவில் வந்து குவியும். எண்ணிக்கை பிள்ளைக்கு இடப்பக்கமிருந்து தொடங்க வேண்டும். எதிரில் நின்று காட்டுகிற பெரியவருக்கு எல்லாம் தலைகீழாகிவிடும், ஆகவே பக்கத்தில் உட்காருங்கள். மணிகளின் மேல் எண் எழுதாதீர்கள். எழுதிவிட்டால் பிள்ளை படிக்குமே தவிர யோசிக்காது.

முதல் இரண்டு மூன்று வாரம் கூட்டலும் வேண்டாம், கழித்தலும் வேண்டாம். "38 எங்கே இருக்கு? கிளிப் மாட்டு" என்ற ஒரே விளையாட்டு, ஒரு துணி கிளிப்போடு. கிளிப் 38ஆம் மணியின் மேல் உட்காரக் கூடாது, 38க்கும் 39க்கும் நடுவில் இருக்க வேண்டும். இதில் அசட்டையாக இருந்தால் பின்னால் எல்லா விடையும் ஒன்று கூடும், அல்லது குறையும். பிள்ளை முதலில் ஒன்றிலிருந்து எண்ணும். விட்டுவிடுங்கள். "இன்னும் சீக்கிரமா போக வழி இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பெற்றோருக்கு இதுதான் கஷ்டமான கட்டம். பத்து, இருபது, முப்பது என்று தாவி எட்டு எண்ணுவது அடுத்த படி. ஒருநாள் நாற்பதுக்குப் போய் இரண்டு பின்னால் வரும். அந்த இரண்டு, சற்று முன் சொன்ன 'பெரிய நண்பன்'தான். யாரும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. எண்ணறிவு பொருளில் இல்லை, பொருள்களுக்கு நடுவே பிள்ளையின் மனம் போடும் உறவில் இருக்கிறது என்று உளவியலாளர் பியாஜே சொன்னது இந்த இடத்தில்தான் விளங்கும்.

தில்லியில் வளர்கிற பிள்ளை என்றால் மணிமாலையில் தமிழிலேயே எண்ணச் சொல்லுங்கள். நாற்பத்தொன்பது என்றால் நாற்பதும் ஒன்பதும் காதில் விழும். உன்சாஸ், உன்சட் என்று கடைக்காரர் இந்தியில் சொல்லும்போது 49ஆ 59ஆ என்று பெரியவர்களே ஒரு கணம் நிற்கிறோம். தமிழில் தடுக்குவது தொண்ணூறு மட்டும்.

பிறகு மாலையைக் காகிதத்தில் வெறும் கோடாக வரையலாம். எண்கள் குறிக்காத கோடு. 52−38 என்றால் 38லிருந்து 52 எவ்வளவு தூரம்? 40க்கு 2, 50க்கு 10, 52க்கு 2. மொத்தம் 14. மாலை நூறோடு நின்றுவிடும், கோடு நிற்காது. 502−398ஐ எழுத்து முறையில் செய்ய, நடுவில் சுழியம் இருப்பதால் நூறில் கடன் வாங்கிப் பத்தில் வைத்து, அங்கிருந்து மறுபடி கடன் வாங்க வேண்டும். கோட்டில் 400க்கு 2, 500க்கு 100, 502க்கு 2. விடை 104.

என்னைத் தீர்மானிக்க வைத்தது இதற்கு அடுத்த விஷயம்: பராமரிப்பு. அபாகஸ் தினசரி இருபது நிமிடப் பயிற்சியில் நிற்கிற திறன். எட்டோ பத்தோ லெவல், லெவலுக்கு மூன்று மாதம் போல. நான்காவது, ஐந்தாவதில் பள்ளிச் சுமை ஏறும்போது பலர் நடுவில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தியதும் மனக்கண்ணில் மணி நகர்த்தும் வேகம் முதலில் போகும், பிறகு பட்டியலில் சில வரிகள் மறக்கும். எட்டுக்கு இரண்டு சேர்ப்பதா எடுப்பதா என்று சந்தேகம் வந்தால், காரணம் தெரியாத பிள்ளைக்குத் திரும்பிப் போய்ச் சரிபார்க்க இடம் கிடையாது. கோட்டில் கணக்குப் போட்ட பிள்ளை ஆறு மாதம் தொடாமல் இருந்தாலும் ஒரு கோடு கிழித்து, 38லிருந்து 40க்கு எவ்வளவு என்று மறுபடி தொடங்கிவிடும். மெதுவாக வரும், ஆனால் வந்துவிடும். மறந்ததைத் தானே மறுபடி கட்ட முடிகிற முறைக்குப் பராமரிப்புச் செலவே இல்லை. மறுவிற்பனையும் அப்படித்தான்: எழுதி முடித்த லெவல் புத்தகங்களை யாரும் வாங்க மாட்டார்கள், மாலை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போகும்.

அபாகஸ் பக்கம் நியாயமும் இருக்கிறது. வடோதராவில் ஒரு பள்ளியில் மூன்று ஆண்டுகள் நடத்தி 2016இல் வெளியான ஆய்வு, அபாகஸ் கற்ற பிள்ளைகளின் கணக்கிடும் திறன் மற்றவர்களைவிட முன்னேறியதைக் காட்டியது. ஞாபகசக்தி போன்ற அடிப்படை அறிவாற்றல் மாறியதாகக் காட்டவில்லை. ஆகவே 'மூளை வளர்ச்சி' என்ற விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு, வேகக் கணக்குக்காக மட்டும் சேர்ப்பதென்றால் அது நேர்மையான காரணம். போட்டி பிடித்த பிள்ளைக்கும், மணிமாலையோடு பிள்ளை பக்கத்தில் உட்கார ஆளில்லாத வீட்டுக்கும் வகுப்பே மேல். மாலைக்குப் பெரியவர் ஒருவர் தினம் பத்து நிமிடம் பொறுமையாக இருந்தாக வேண்டும். "அப்படி இல்லடா, இப்படித் தாவு" என்று சொல்லிக்கொடுக்கத் தொடங்கினால் மாலையும் இன்னொரு பட்டியல்தான். இவை எல்லாம் ஓரிரு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் சொன்னவை. நாற்பது பேர் வகுப்பறைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

மாலை எல்லாவற்றுக்கும் உதவாது. பெருக்கலுக்கு ஓரளவு வரும், ஆறு ஆறாகக் கிளிப் மாட்டலாம். இரண்டு இலக்கப் பெருக்கலுக்குக் கட்டம் போட்ட காகிதமே வசதி, பின்னத்துக்குக் காகிதப் பட்டை. பள்ளியில் எழுத்துக் கழித்தல் வரும்போது மாலையைக் கழற்றிவிட வேண்டாம். 52ஐ முதலில் 40, 12 என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். பன்னிரண்டிலிருந்து எட்டு 4, நாற்பதிலிருந்து முப்பது 10. கோட்டில் வந்த அதே 14 இங்கேயும் வருகிறதா என்று பிள்ளையே பார்க்கட்டும். கடன் வாங்கும் குறியை ஐந்தின் தலையில் போடுவது அதற்குப் பிறகு.