கல்வெட்டு அடிக்கக் கொடுக்கப் போகிறவர்களுக்கு: கிளிநொச்சி அச்சகம் ஒன்று

இறந்து ஒரு மாதமளவில் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு வருபவர்களிடம் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைத்தான் எங்கள் பக்கம் கல்வெட்டு என்போம். அப்பம்மாவின் அந்தியேட்டிக்கான கல்வெட்டை ஏ9 வீதியோரம் உள்ள ஒரு சிறிய அச்சகத்தில் அடிப்பித்தோம். அச்சின் தரத்தை மட்டும் பார்த்தால் வவுனியாவில் இதைவிட நல்ல இடங்கள் உண்டு. ஆனாலும் செத்தவீட்டு வேலை என்றால் இங்கேதான் போகச் சொல்வேன். எந்தச் சொல்லை யார் சொல்ல வேண்டும் என்பது அங்கே இருக்கும் ஐயாவுக்குத் தெரியும்.

செத்தவீட்டன்று வேறொரு கடையில் அவசரமாக அடித்த அறிவித்தலில், பிள்ளைகளின் பெயர்களுக்கு மேலேயே ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று போட்டுத் தந்துவிட்டார்கள். இரங்கல் என்பது அயலவரும் பள்ளிக்கூடமும் சங்கமும் எங்களுக்குச் சொல்வது. பெற்ற பிள்ளைகள் தங்களுக்கே அதைச் சொல்வார்களா? வீட்டார் கொடுப்பது மரண அறிவித்தல். சந்தியில் மற்றவர்கள் கட்டும் பதாகைக்குக் கண்ணீர் அஞ்சலி. முப்பத்தோராம் நாள் வீட்டாரின் நன்றி நவிலல், ஆண்டு திரும்பினால் நினைவஞ்சலி. ஐயா இதையெல்லாம் கேட்டுப் பிரித்துத்தான் எழுதுகிறார். ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் அட்டையில் சிவபதம் என்ற பேச்சே இல்லாமல் ‘நித்திய இளைப்பாற்றி’ என்று சரியாகப் போட்டிருந்ததையும் அங்கே பார்த்தேன்.

எங்களுக்குப் பெரிய சிக்கல் சித்தப்பாவின் பெயர். பிள்ளைகளின் வரிசையில் இறந்தவர்களுக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போடுவது வழமை. சித்தப்பாவைப் பற்றி, போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் அப்பம்மாவும் அவர் படத்தோடு போய் இருந்தவர். ஐயா அந்த இடத்தில் பேனையை நிறுத்தி, “தம்பி, இவருக்கு முன்னால ஒண்டும் எழுதித் தரேல்லை. அப்பிடியே விடுவமோ?” என்று மெதுவாகக் கேட்டார். ‘காணாமல் ஆக்கப்பட்ட’ என்று போடலாமே என்றேன். மாமி மறுத்துவிட்டார். “அம்மான்ர கல்வெட்டில அவன் மகனா மட்டும் இருக்கட்டும்” என்றார். மற்றவர்களின் அதே எழுத்தளவில், முன்னொட்டு எதுவும் இல்லாமல் பெயர் வந்தது. ஐயா மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதற்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இறந்த நாளின் திதியைச் சொல்லும் திதி வெண்பாவை ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரைக் கொண்டு எழுதுவித்துத் தருகிறார்கள். விசுவாவசு வருடம், ஆவணி மாதம், அபரபக்க (தேய்பிறை)ச் சப்தமி என்று எல்லாம் பிசகாமல் இருந்தது. வருடா வருடம் திவசத்துக்கு நாள் பார்க்க இந்த வெண்பாவைத்தான் எடுப்பார்கள் என்பதால், எங்கள் ஐயரிடமும் காட்டிச் சரிபார்த்தோம்.

குறை என்றால் புலம்பல் பகுதிதான். மக்கள் புலம்பல், பேரர் புலம்பல் எல்லாம் கொம்பியூட்டரில் தயாராக இருக்கின்றன. பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். ஒளிவிளக்கே, குலவிளக்கே என்று போகும் அதில் அப்பம்மாவைக் காணவில்லை. 1984 இல் முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயை விட்டு வெளிக்கிட்ட குடும்பம் எங்களுடையது. மாமி அப்போது சிறுமி. பிரேதத்துக்குப் பக்கத்தில் இருந்து அவர் அழுத ஒப்பாரியில் இரண்டு வரி எனக்கு நினைவிருந்தது:

“ஊர்விட்டுப் போகேக்க இடுப்பில என்னைச் சுமந்தியேயணை,
உலகம்விட்டுப் போகேக்க ஒருத்தியா விட்டிட்டுப் போறியேயணை.”

அதையே போடச் சொன்னோம். பேச்சுவழக்கைத் திருத்தாமல் அப்படியே போட்டார்கள். கல்வெட்டை வாங்கியவர்கள் அந்தப் பக்கத்தில்தான் நின்று வாசித்தார்கள். உங்கள் வீட்டிலும் ஒப்பாரி சொல்லத் தெரிந்தவர் இருந்தால், தயார்ப் பாட்டை விட்டுவிட்டு அவரிடம் கேளுங்கள்.

மற்றபடி, படத்தில் அப்பம்மாவின் முகத்தை வெளுப்பாக்கிவிட்டார்கள். சொல்லித்தான் மாற்றினோம். உள்தாள் மெல்லியது, பின்பக்கத்துத் தேவாரம் முன்பக்கத்தில் தெரிகிறது. சொன்ன நாளுக்குப் பிந்தித்தான் தந்தார்கள். விலையைப் பக்கக் கணக்கில் முதலே சொல்லிவிடுகிறார்கள், பிறகு கூட்டவில்லை. வம்சாவழியைத் தாளில் தெளிவாக எழுதிக்கொண்டு போங்கள், அந்தியேட்டிக்கு ஒரு கிழமைக்கு முன்னராவது திருத்தப் படியை வாங்கி, வீட்டில் வயதானவர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.