ரோஸ் ஹில்லில் நான்கு வாரம், தள்ளாடும் காலோடு

தைப்பூசத்துக்கு ஊருக்குப் போய் நான்கு வாரம் இருந்துவிட்டு வந்தேன். பிறந்து வளர்ந்தது மொரீசியஸ் ரோஸ் ஹில், வாழ்க்கைப்பட்டது கோயம்புத்தூர். ஆறு வருடமாக எனக்கு மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ். நரம்பைச் சுற்றியிருக்கும் மயலின் உறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரித்துவிடுகிற நோய். என் வலது பாதம் சரியாகத் தூக்காது, கண்ணை மூடினால் உடம்பு தள்ளாடும். இதே நிலையில் ஊருக்குப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அங்கே ஜனவரி நல்ல கோடை. முதல் வாரமே, சொந்தக்காரர் ஒருவர் சொன்னாரென்று ஒரு தனியார் சிகிச்சை இடத்துக்குப் போனேன். நோயைச் சொல்லித்தான் படுத்தேன். எண்ணெய் தேய்த்து நீராவி பிடித்தார்கள். எழுந்தால் இரண்டு காலும் துவண்டுவிட்டன, பார்வையும் மங்கியது. அண்ணி அழுதே விட்டார். வீட்டுக்கு வந்து ஃபேனடியில் கழுத்தில் ஈரத்துண்டு சுற்றிப் படுத்ததும், ஒன்றரை மணி நேரத்தில் தெளிந்தது. உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலே பழுதான நரம்பில் செய்தி தடைபடும், ஆறினால் திரும்பும். இந்த நோயில் உடல் உழைப்புக்குப் பின் பார்வை தற்காலிகமாக மங்குவதை ஊதாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890இலேயே எழுதிவைத்திருக்கிறார். இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் எங்கள் மாதிரி ஆட்களைத் தொடலாமா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் அரசு மருத்துவமனைக்குப் போனேன். என் கடவுச்சீட்டு இன்னும் மொரீசியஸ்தான், அதனால் ஒரு ரூபாய் செலவில்லை. காத்திருப்புதான் நீளம். காலை ஏழுக்குப் போய் டாக்டரைப் பார்க்கப் பதினொன்று ஆனது. ஆனால் பிசியோதெரபிக்கு அந்த வாரமே இடம் கிடைத்தது.

பிசியோ ஒரு சின்னப் பெண். தமிழ்க் குடும்பம், வாயில் அங்கத்திய பேச்சுமொழியான கிரியோல் மட்டும். முதலில் நடைபாதையில் 25 அடிக்கு டேப் ஒட்டி என்னை வேகமாக நடக்கச் சொல்லி நேரம் பார்த்தாள். 11.4 வினாடி. அடுத்து பெர்க் என்ற சமநிலைச் சோதனை. பதினான்கு வேலை, மொத்தம் 56 மதிப்பெண். ஒற்றைக் காலில் நிற்பது, ஒரு முழுச்சுற்று திரும்புவது, தரையில் கிடக்கும் செருப்பைக் குனிந்து எடுப்பது, இப்படி. எனக்கு 41. செருப்பை எடுக்க முடியவில்லை.

அவள் கற்றுக்கொடுத்ததில் ஒன்று: சமையல் மேடையை ஒட்டி நின்று, ஒரு காலின் குதிகால் அடுத்த காலின் விரலைத் தொடும்படி வைக்க வேண்டும். முதலில் கண் திறந்து, பிறகு மூடி. நான் ஆடும்போதெல்லாம் அவள் உள்ளங்கை என் இடுப்பிலிருந்து ஓர் அங்குலம் தள்ளியே நின்றது, ஒரு தடவையும் தொடவில்லை. "தூஸ்மான், தூஸ்மான்" என்பாள், மெதுவாக என்று அர்த்தம். நான் பிடித்துக்கொண்டால் உங்கள் கால் எப்படிக் கற்றுக்கொள்ளும் என்று கேட்டாள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது இன்னொன்று. அசதி வருவதற்கு முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும்.

வீட்டில்தான் பாடு. தண்ணீர் டம்ளர்கூடக் கைக்கு வந்துவிடும். "நீ உட்காரும்மா, நான் பார்த்துக்கறேன்" என்பார் அண்ணி. பாசம்தான், ஆனால் உட்கார்ந்தே இருந்தால் கால் இன்னும் பலமிழக்கும். ஒருநாள் அவரையும் பிசியோவிடம் கூட்டிப்போனேன். அன்றிலிருந்து நான் பயிற்சி செய்யும்போது பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்க ஆரம்பித்தார்.

மருந்து விஷயம் ஒன்று. நடைக்காக நான் சாப்பிடும் ஃபாம்ப்ரிடின் 10 மில்லிகிராம் மாத்திரைக்குச் சரியாகப் பன்னிரண்டு மணி நேர இடைவெளி வேண்டும், நெருங்கினால் வலிப்பு வரும் ஆபத்து கூடும். அங்கே நேரம் ஒன்றரை மணி பின்தங்கி இருப்பதால், ஒன்பது மணி மாத்திரையை ஏழரைக்கே போட்டுக்கொண்டேன். முழு மாதத்துக்கும் கையோடு கொண்டுபோனேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மெட்ரோ எனக்குப் பெரிய உபகாரம். தாழ்தளப் பெட்டி, பிளாட்ஃபாரமும் உள்தரையும் ஒரே மட்டம். ரோஸ் ஹில்லிலிருந்து தலைநகர் போர்ட் லூயிக்குத் தனியாகவே போய்வந்தேன். பஸ் படிக்கட்டில் அது நடக்காது. விடியற்காலையில் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரைக்கும் அண்ணன் கூட்டிப்போனார். பவளத்திட்டு அலையைத் தடுப்பதால் தண்ணீர் அமைதியாக இருக்கும். மார்பளவு நீரில் விழும் பயமில்லாமல் அரைமணி நடந்தேன்.

கோவிலைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டேன். பாதத்தைத் தாங்கும் ஸ்பிளிண்ட் ஷூவுக்குள்தான் நிற்கும், வெறுங்காலில் விரல் தரையில் இடறும். பிசியோ எலாஸ்டிக் பேண்டேஜைப் பாதத்தடியில் கொடுத்து, விரல்பக்கம் மேலே இழுத்துக் கணுக்காலில் எட்டுப்போலச் சுற்றக் காட்டிக்கொடுத்தாள். பூசத்தன்று தார் சுடுவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம். படியில் கைப்பிடி இல்லை, அண்ணன் தோளைப் பிடித்து ஏறினேன். காவடிகள் வர வர, தூண் ஓரமாக நின்றே பார்த்தேன்.

கோயம்புத்தூருக்குக் கிளம்பும் முன் பிசியோ மறுபடி சோதித்தாள், 9.1 வினாடி, 45 மதிப்பெண். இரண்டு முறையும் காலை வேளை, அதனால் ஒப்பிடலாம் என்றாள். செருப்பை ஒரு கையை மேசையில் வைக்காமலே எடுத்தேன்.