டப்டப்னு வெடிக்குற சைலென்சர்: கேஸ்கெட்டா, ரீமேப்பா?

பெங்களூர்ல பைக்குக்கு ஸ்லிப்-ஆன் (கடைசில இருக்குற சைலென்சர மட்டும் மாத்துறது) மாட்டுன பசங்க எல்லாரும் கேக்குறது இதான் ப்ரோ, த்ராட்டில விட்டா வெடிக்குது, என்ன பண்றதுன்னு. ரெண்டு வழி: ஜாயிண்ட்ல கசியாம அடைக்குற கேஸ்கெட்ட மாத்துறது, இல்லனா பெட்ரோல் அளவ முடிவு பண்ற எஞ்சின் கம்ப்யூட்டர் செட்டிங்க மாத்துறது, அதான் ரீமேப்.

செலவு: கேஸ்கெட் சில நூறு ரூபா, ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்குற ஜேசி ரோட்ல தேடிப்பாருங்க. ரீமேப் ஆயிரக்கணக்குல போகும், வாரண்டிக்கும் வேட்டு.

வேலை: கேஸ்கெட்டுக்கு ஹெட்டர் (எஞ்சின்ல இருந்து வர்ற புகைக் குழாய்) நட்டு கழட்டணும், துருப்புடிச்சிருந்தா நட்டு மாட்டுற ஸ்டட் ஒடையும், பொறுமை வேணும். ரீமேப்புக்கு டைனோ (பைக்க ஓட்டி பவர் அளக்குற மெஷின்) வச்சிருக்குற ட்யூனர் வேணும், சும்மா லேப்டாப்ப மாட்டி ஃபைல் ஏத்துறவன நம்பாதீங்க.

எவ்ளோ நாள் தாங்கும்: ரெண்டும் ஓகே, ஆனா ரீமேப் பண்ணப்புறம் சைலென்சர மாத்துனா திரும்ப ட்யூனிங்.

மொதல்ல எஞ்சின் ஆறுனப்போ ஸ்டார்ட் பண்ணி ஜாயிண்ட்ல சோப்புத்தண்ணி தெளிங்க, நுரை கெளம்புனா லீக், கேஸ்கெட் போதும். லீக்க வச்சிக்கிட்டு ரீமேப் பண்றது தண்டம், உள்ள வர்ற காத்தப் பாத்து ஆக்சிஜன் சென்சாரே ஏமாந்து பெட்ரோல கூட்ட வச்சிரும். லீக்கே இல்ல, ஹெட்டர்ல இருந்து சைலென்சர் வரைக்கும் ஃபுல் சிஸ்டம் மாட்டிருக்கீங்கன்னா ரீமேப்தான்.