சொந்த எழுத்தைத் திருத்த எட்ஜ் உலாவியின் வாசிப்புக் குரல்

கோலாலம்பூரில் தமிழ் எழுதத் தெரியும் என்று பெயர் எடுத்துவிட்டால் போதும், கோயில் மலர், பள்ளி மலர், சங்க ஆண்டறிக்கை என்று வந்துகொண்டே இருக்கும். மெய்ப்புப் பார்க்கத் தனி ஆள் இருக்காது, எழுதியவரே பார்க்க வேண்டியதுதான். அப்படி எழுதுகிறவர்களுக்கு மைக்ரோசாப்ட் எட்ஜ் உலாவியில் இருக்கும் சத்தமாக வாசிக்கும் வசதியைத் தாராளமாகச் சொல்வேன். இலவசம், இணையம் மட்டும் வேண்டும்.

கட்டுரையை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி எட்ஜில் திறந்து கண்ட்ரோல், ஷிப்ட், யு மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். தமிழில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் குரல்களோடு மலேசியாவுக்கென்றே கனி, சூர்யா என்று இரண்டு குரல்கள் இருக்கின்றன. எனக்குக் கனிதான் பிடித்தது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், சரியாக இருக்கும். பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

நாமே எழுதியதைப் படிக்கும்போது மனதில் இருப்பதைத்தான் கண் படிக்கும், தாளில் இருப்பதை அல்ல. இந்தக் குரலுக்கு நம் மனம் தெரியாது. "பத்துமலைக்கு நடந்து சென்ற பக்தர்களுக்குக் கோயில் நிர்வாகத்தினர் இரவு முழுவதும் மோரும் தண்ணீரும் வழங்கியது" என்று ஒரு வாக்கியம் இருந்தால் கண் அப்படியே தாண்டிப் போய்விடும், ஆனால் குரல் "வழங்கியது" என்று முடிக்கிற இடத்தில் காது நின்றுவிடும், நிர்வாகத்தினர் வழங்கினார்கள் என்றல்லவா வரவேண்டும்! இரண்டு முறை விழுந்த "என்று", பாதியில் அறுந்த வாக்கியம், மூச்சு வாங்க இடமில்லாத வாக்கியம் எல்லாம் இப்படித்தான் பிடிபடும்.

பிடிபடாதவையும் உண்டு. கரை, கறை இரண்டும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான், மனம், மணமும் அப்படியே. இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் எழுத்துப்பிழை திருத்தியும் விட்டுவிடும். அதனால் நீச்சல்காரன் உருவாக்கிய இணையக் கருவிகளான வாணியில் எழுத்துப்பிழையையும் நாவியில் ஒற்றுப்பிழையையும் பார்த்துவிட்டு, அப்புறம் தாளில் அச்செடுத்து, கடைசிப் பத்தியிலிருந்து மேலே போய் ஒரு முறை படியுங்கள். திரையில் கண்ட எழுத்துருவை மாற்றி அச்செடுத்தால் இன்னும் நல்லது.

நன்கொடையாளர் பட்டியலை மட்டும் எந்தக் குரலிடமும் விடாதீர்கள். பட்டம் டத்தோவா, டான் ஸ்ரீயா, தொகை ஐம்பது ரிங்கிட்டா, ஐந்நூறா என்று அதற்குத் தெரியாது. ரசீதுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒருவர் வாசிக்க இன்னொருவர் டிக் போட்டுக்கொண்டே வரட்டும்.