பாசிக்குடாவில் மீன் பிடிக்கப் போகிறீர்களா? பிடித்த மீனைக் கண்ணில் இருந்து விடாதீர்கள்

பாசிக்குடா, கல்குடாப் பக்கம் என்ஜின் போட் பேசித் தூண்டில் போடப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போட்டுக்கு எவ்வளவு என்று எல்லோரும் பேரம் பேசுகிறோம். பிடிபடும் மீன் யாருக்கு, அது எதில் கிடந்து கரைக்கு வரும், கரையில் யார் வெட்டுவார் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. விளையாட்டு முழுக்க நடப்பது அந்த இடத்தில்தான். எங்களுக்கு நல்ல மீனும் போனது, ஒரு ராத்திரி ஆஸ்பத்திரி வாங்கிலும் கழிந்தது.

கனடாவில் இருந்து அக்கா குடும்பம் ஆகஸ்ட் லீவுக்கு வந்திருந்தது. கிழக்குக் கடல் அமைதியாகக் கிடக்கிற பருவம். சின்ன வயதில் மட்டக்களப்பு வாவியில் தூண்டில் போட்டுத் திரிந்த அத்தானுக்கு, பிள்ளைகளை ஒருக்கால் கடலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கடற்கரையில் நின்ற ஒரு பையன் தானாகவே வந்தான். விடியப் போய்ப் பத்து, பத்தரைக்குத் திரும்புவதற்கு 25,000 ரூபா. "பிடிக்கிற மீன் முழுக்க உங்களுக்குத்தான் அண்ணன். வெட்டிக் கழுவியும் தருவம்" என்றான். போட் அவனுடையது இல்லை, ஓட்டினதும் அவன் இல்லை, இடையில் நின்று ஆள் பிடித்துக் கொடுக்கிறவன் என்பது கடலுக்குள் போன பிறகுதான் விளங்கியது.

மீன் பிடிபட்டதில் குறையே இல்லை. ஓடுகிற போட்டில் இழுத்த தூண்டிலில் இரண்டு சூரை ஏறியது. பிறகு பார் (கடலடிப் பாறை) பக்கம் நிறுத்திப் போட்டதில் கொஞ்சம் விளை மீன். கடைசியில் மூத்த மருமகனின் தூண்டிலில் ஒரு பாரை. பெடியன் தனியாக இழுக்க மாட்டாமல் அத்தானும் சேர்ந்துதான் மேலே ஏற்றினார்கள். அதைத் தூக்கிப் பிடித்தபடி அவன் சிரிக்கிற படம் போனில் இருக்கிறது. பின்னால் அந்தப் படம்தான் எங்களிடம் இருந்த ஒரே சாட்சி.

போட்டில் ரெஜிபோம் பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே தண்ணீர்ப் போத்தலும் சோடாவும்தான், ஐஸ் கையளவு. மீனெல்லாம் போட்டின் அடித்தட்டில் நனைந்த சாக்கின் கீழே கிடந்தது. ஐஸ் இல்லையா என்று கேட்டதற்கு, "இப்பத்தானே பிடிச்ச மீன், துடிக்குது, ஐஸ் எதுக்கு?" என்று பதில் வந்தது. எட்டு மணிக்கே வெயில் சுட்டது. முதல் ஏறின சூரை அந்தச் சூட்டில்தான் கிடந்தது.

கரைக்கு வந்ததும் அந்தப் பையன் ஓடிவந்து எல்லா மீனையும் வாடிக்கு (மீனவர் கொட்டிலுக்கு) பின்னால் எடுத்துக்கொண்டு போனான். "பிள்ளைகள் வெயிலில நிக்குது, நீங்க போய்க் குளிரா ஏதும் குடிச்சிட்டு வாங்க அண்ணன்" என்று கரிசனை வேறு. திரும்பி வந்தபோது இறுக்கி முடிச்சுப் போட்ட இரண்டு சொப்பிங் பேக் தயாராக இருந்தது. வெட்டுக்கூலி 1,500 தனி. அதைப் பற்றி முன்னால் ஒரு பேச்சும் இல்லை. கொடுத்துவிட்டு வானில் ஏறி வீட்டுக்கு வந்தோம்.

குசினியில் பேக்கை அவிழ்த்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "மனே, இதில பாரை எங்க?"

பாரை மீனை அறுத்தவர்களுக்குத் தெரியும். வால் பக்கமாக இரண்டு விலாவிலும் பனை மட்டைக் கருக்குப் போலக் கரடுமுரடான செதில் ஒரு வரிசை ஓடும். சீவாமல் விட்டால் கையைக் கிழிக்கும். எங்களுக்குத் தந்த துண்டுகளில் அது எங்கேயும் இல்லை. வழுவழுத்த தோல், இருண்ட சிவப்புச் சதை, நடுவில் இன்னும் கறுத்த பட்டை. சூரை! அதுவும் இரண்டு மீனின் அளவுக்குக் கூட இல்லை. விளை மீனில் சின்னது சில கிடந்தது. பாரைத் தலை இல்லை. எங்கள் வீட்டில் தலைக்குத்தான் சண்டை நடக்கும், அதை யாரும் வெட்டி எறியச் சொல்லி இருக்க மாட்டோம்.

சரி, போன மீன் போகட்டும் என்று அம்மா இருந்ததைப் புளி விட்டுக் காய்ச்சினார். மணத்திப் பார்த்துத்தான் சட்டியில் போட்டார். வாடையே இல்லை. சாப்பிட்டு அரை மணித்தியாலம் ஆகவில்லை, அத்தானுக்கு முகமும் கழுத்தும் இரத்தம் கட்டினது மாதிரிச் சிவந்துவிட்டது. தலையிடி, நெஞ்சு படபடப்பு, உடம்பெல்லாம் கடி. சின்ன மருமகளுக்கும் வாயைச் சுற்றித் தடித்துக்கொண்டு வந்தது. விளை மீன் மட்டும் தின்ற மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட முதல் கேள்வியே சூரையா என்பதுதான். ஊசி போட்டு, விடியும் வரை வைத்துப் பார்த்துவிட்டு விட்டார்கள். அவர் சொன்னதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருங்கள். சூரை, கும்பளா மாதிரி மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் நிறைய உண்டு. செத்த மீன் சூட்டில் கிடந்தால் பக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். உடம்பு ஒவ்வாமை வந்தது மாதிரி ஆடுவது அதனால்தான், உண்மையில் மீன் ஒவ்வாமை அது இல்லை. ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது, பிறகு ஃப்ரீசரில் போட்டாலும் போகாது. மணத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. சில நேரம் நாக்கில் மிளகு மாதிரிச் சுள்ளென்று இருக்குமாம். எங்கள் வீட்டுப் புளிக்காய்ச்சலில் மிளகு எது, மீன் எது என்று யார் பார்ப்பது? பிடித்த கையோடு 4 பாகை செல்சியசுக்குக் கீழே கொண்டுபோய் அங்கேயே வைத்திருப்பதுதான் ஒரே காவல். அதாவது ஐஸ்.

மறுநாள் அந்தப் பையனுக்குப் போன் பண்ணினேன். "நீங்க பிடிச்ச மீன்தான் அண்ணன் தந்தது." மருமகனின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல நிறத்தில் இரண்டு சரி விழுந்தது. அதற்குப் பிறகு என் நம்பரையே தடுத்துவிட்டான்.

வாழைச்சேனையில் மீன் வாங்கப் போன இடத்தில் தோணிக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்பட்டார். நம்மிடம் வாங்கும் காசில் பெரும்பங்கை இடையில் நிற்கிறவன் எடுத்துக்கொள்கிறான். போட்டுக்காரருக்கு எண்ணெய்க் காசுக்கு மேல் பெரிதாகக் கிடைக்காது. அந்தக் குறையை மீனில் ஈடுகட்டு என்று விட்டுவிடுவார்களாம். பெரிய பாரை, அறுக்குளா என்றால் வாடிக்குப் பின்னாலேயே ஆள் நிற்கும், காசு கைமேல். நமக்கு விலை போகாத துண்டு. போட்டில் ஐஸ் இல்லாததும் அதே கணக்குத்தான், ஐஸும் காசு. இதை வைத்து அந்தக் கரை முழுவதையும் திட்ட வேண்டாம். நேரே தோணிக்காரரோடு பேசிப் போனவர்கள் தங்கள் மீனோடு அவருடைய வலையில் பட்டதையும் வாங்கிக்கொண்டு வந்த கதை எனக்குத் தெரியும்.

ஆகவே போகிறவர்கள் முதலில் போட் யாருடையதோ அவருடன் பேசுங்கள். மீன் யாருக்கு என்பதைக் காசைச் சொல்லும்போதே சொல்லச் சொல்லுங்கள். போட்டுக்காரருக்கு ஒரு பங்கு போகும் என்றால் அதுவும் நியாயம்தான், முன்னாலேயே தெரிந்தால் சரி. ஐஸை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். எங்கள் சூட்டுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். குடிக்கிற சோடா அந்தப் பெட்டிக்குள் போகக் கூடாது, திறந்து திறந்து மூடினால் ஐஸ் நிற்காது. மீன் ஏறினதும் செவுளை வெட்டி இரத்தம் வடியவிட்டு ஐஸுக்குள் புதையுங்கள். போட்டில் வைத்தே ஒவ்வொன்றையும் படம் எடுங்கள், வால் நுனியில் கத்தியால் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. கரையில் கத்தி வைக்கும் இடத்தில் நீங்கள் ஒருவர் நில்லுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மற்றவர்கள் ஜூஸ் குடிக்கட்டும். தலை, வால், தோல் எல்லாம் பேக்கில் வர வேண்டும்.

ஹோட்டலில் தங்குகிறவர்கள் குசினியில் முதலே கேட்டு வையுங்கள். வெளியில் இருந்து வரும் பச்சை மீனைத் தொடவே மாட்டோம் என்கிற இடம் உண்டு, கூலிக்குச் சமைத்துத் தருகிற இடமும் உண்டு. மீனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று கேட்டால் அவர்கள் சொன்னதுதான் விலை. சாப்பிட்டு முகம் சிவந்தால் பொறுத்துப் பார்க்காமல் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. ஏமாற்றினால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977. ஆனால் காசு கொடுத்ததற்குப் பற்றுத்துண்டு இல்லாமல் முறைப்பாடு நிற்பது கஷ்டம். கையால் எழுதின துண்டாவது கேட்டு வாங்குங்கள். எங்களிடம் அது இல்லை என்று தெரிந்துதான் அவன் அவ்வளவு துணிவாகப் பேசினான்.

இதெல்லாம் கேள்விப்பட்டு அத்தானின் தங்கை போன் எடுத்தாள். அவள் வரப்போவது உல்லாசக் கப்பலில், திருகோணமலையில் ஒரு பகல் நிற்குமாம். அதற்குள் பாசிக்குடாவுக்கு வந்து மீன் பிடித்து, கப்பல் சமையல்காரரிடம் கொடுத்துப் பொரித்துத் தின்னலாமா என்று கேட்கிறாள். மச்சாள், திருகோணமலையில் இருந்து இங்கே வர மட்டும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல், கப்பல் உனக்காக நிற்காது என்றேன். பச்சை மீனைப் பயணிகள் கொண்டு ஏறக் கப்பல்காரர் பொதுவாக விடமாட்டார்கள், சமையலுக்கு அவர்கள் ஏற்றுகிற சாமான் வேறு வழியால் வருவது. ஆசை என்றால் திருகோணமலையிலேயே போட் பேசி, பிடித்ததைக் கரையில் ஒரு கடையில் சமைக்கக் கொடுத்துச் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தைப் போட்டுக்காரருக்கே கொடுத்துவிட்டு ஏறு என்று சொல்லியிருக்கிறேன். சூரை பிடிபட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். பெட்டியில் ஐஸ் இருக்கிறதா என்று முதலில் பார், இல்லையென்றால் உயிரோடு இருக்கும்போதே கடலில் விட்டுவிடு என்றேன்.